கோட்டின் மேல் ஒரு வினைச்சொல்

கேள்வி: நான் ஒன்பதாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறேன். ஒரு பயிற்சி முகாமில் கருத்து வரைபடத்தைப் பற்றிச் சொன்னார்கள். இந்த ஆண்டு ஒவ்வொரு பாடம் முடிந்ததும் கரும்பலகையில் ஒரு வரைபடம் போடுகிறேன். மாணவர்கள் வண்ணப் பேனாவால் அழகாக எழுதிக்கொள்கிறார்கள். நோட்டுகளைப் பார்த்தால் கண் நிறைந்துவிடுகிறது. ஆனால் தேர்வில் 'ஏன்', 'எவ்வாறு' என்று கேட்டால் பழைய கதைதான். ஒரு வரைபடத்துக்கு ஒரு முழுப் பாடவேளை போய்விடுகிறது. தொடர்வதா, விட்டுவிடுவதா? தொடர்வதென்றால் மதிப்பெண் எப்படிப் போடுவது? வகுப்பில் 42 பேர். வரைந்த சார்ட்டுகள் வேறு சுவர் முழுக்கத் தொங்குகின்றன.

பதில்:

அன்புள்ள ஆசிரியைக்கு வணக்கம்.

கடிதத்தோடு மாணவி ஒருத்தியின் நோட்டுப் பக்கத்தையும் படமெடுத்து அனுப்பியிருந்தீர்கள். நல்லவேளை. கடிதத்தில் பிடிபடாதது அந்தப் பக்கத்தைப் பார்த்ததும் பிடிபட்டது.

நடுவில் பச்சை நிறத்தில் மேகம் போல ஒரு வட்டம். அதற்குள் 'ஒளிச்சேர்க்கை'. சுற்றிலும் ஏழு பெட்டிகள்: சூரிய ஒளி, நீர், பச்சையம், கார்பன் டைஆக்சைடு, இலைத்துளை, குளுக்கோஸ், ஆக்சிஜன். வட்டத்திலிருந்து ஏழு பெட்டிகளுக்கும் ஏழு அம்புகள். அம்புகளின் மேல் ஒரு சொல்கூட இல்லை. நீரை நோக்கிப் போகும் அம்பும் ஆக்சிஜனை நோக்கிப் போகும் அம்பும் ஒரே மாதிரி இருக்கின்றன. எது உள்ளே போகிறது, எது வெளியே வருகிறது என்று அந்தப் படத்தை வைத்து யாராலும் சொல்ல முடியாது. வரைந்த மாணவியாலும் முடியாது. தேர்வில் 'வெளியேறும் ஆக்சிஜன் எதிலிருந்து கிடைக்கிறது' என்று கேட்டால் அவள் விழிக்காமல் என்ன செய்வாள்?

எனவே இப்போது செய்துகொண்டிருப்பதை விட்டுவிடலாம். கருத்து வரைபடத்தை விட வேண்டியதில்லை. அதை நீங்கள் இன்னும் தொடங்கவே இல்லை. கோபித்துக்கொள்ளாதீர்கள். முதல் மூன்று ஆண்டுகள் நானும் இதையேதான் செய்தேன். கரும்பலகையில் என் கையெழுத்து நன்றாக இருக்கும் என்பதால் கூடுதல் நாள் ஏமாந்தேன்.

நீங்கள் வரைவது மனவரைபடம். நடுவில் ஒரு தலைப்பு, அதிலிருந்து கிளைகள், வண்ணங்கள், படங்கள். 1970களில் டோனி புசான் பரப்பிய முறை. ஒரு தலைப்பைப் பற்றி மனத்தில் தோன்றுவதையெல்லாம் கொட்டிவைக்க அது போதும், குறை சொல்வதற்கில்லை. கருத்து வரைபடம் வேறு வம்சம். 1972இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஜோசப் நோவாக்கும் அவருடைய மாணவர்களும் ஓர் ஆய்வில் இருந்தார்கள். முதல் இரண்டு வகுப்புகளில் அறிவியல் பாடம் கேட்ட குழந்தைகளை 12 ஆண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வு அது. குழந்தைகளை உட்காரவைத்துப் பேசிப் பேசிப் பதிவு செய்தார்கள். பக்கம் பக்கமாகச் சேர்ந்த அந்தப் பேச்சிலிருந்து, ஒரு குழந்தையின் புரிதல் போன ஆண்டைவிட இந்த ஆண்டு எங்கே மாறியிருக்கிறது என்று கண்டுபிடிப்பது பெரும்பாடாக இருந்தது. அந்தத் தவிப்பில் பிறந்ததுதான் கருத்து வரைபடம்: குழந்தை சொன்ன கருத்துகளைப் பெட்டிகளில் போட்டு, எந்தக் கருத்தை எதோடு என்ன சொல்லி இணைத்தது என்பதைக் கோட்டின் மேல் எழுதினார்கள்.

இந்தப் பூர்வீகத்தைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. குழந்தையின் தலைக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்க உண்டாக்கிய கருவி அது. கரும்பலகையில் நீங்கள் வரைந்தால் தெரிவது உங்கள் தலைக்குள் இருப்பது. அதை 42 பேர் பார்த்து எழுதினால் 42 பிரதி கிடைக்கும், அவ்வளவுதான். நோவாக் பின்பற்றியது உளவியலாளர் டேவிட் ஆசுபெல்லின் கொள்கையை. கற்றலைத் தீர்மானிக்கும் காரணிகளில் மிக முக்கியமான ஒன்று, கற்பவருக்கு ஏற்கெனவே என்ன தெரியும் என்பதே; அதைக் கண்டறிந்து அதற்கேற்பக் கற்பியுங்கள் என்று அவர் 1968இல் எழுதினார். கண்டறிவது என்ற பாதியை நாம் வசதியாக மறந்துவிடுகிறோம்.

கருத்து வரைபடத்தின் உயிர் கோட்டின் மேல் எழுதும் இணைப்புச் சொல்லில் இருக்கிறது. பெட்டிக்குள் இருப்பவை பெயர்ச்சொற்கள். பாடப்புத்தகத்தில் தடித்த எழுத்தில் இருப்பவை. யாரும் பார்த்து எழுதலாம். 'பச்சையம்', 'சூரிய ஒளி' என்று இரண்டு பெட்டி போட்டுவிட்டு, நடுவில் என்ன எழுதுவது என்று பென்சிலைக் கடிக்கும்போதுதான் குழந்தை யோசிக்கத் தொடங்குகிறது. தருகிறதா, உறிஞ்சுகிறதா, மாற்றுகிறதா? இரண்டு பெட்டியும் ஒரு கோடும் சேர்ந்தால் அது ஒரு வாக்கியம். வாக்கியம் என்றால் சரி, தவறு என்று சொல்லலாம். வெறும் அம்பைத் தவறு என்று யார் சொல்ல முடியும்?

இங்கே நம் மொழியில் ஒரு சிக்கல் இருக்கிறது. பயிற்சி முகாம்களில் இதை யாரும் சொல்வதில்லை. 'தாவரம்' ஒரு பெட்டி, 'நீர்' ஒரு பெட்டி, நடுக்கோட்டில் 'உறிஞ்சுகிறது' என்று எழுதினால், அம்பு போகும் வழியில் படிக்கும்போது 'தாவரம் உறிஞ்சுகிறது நீர்' என்று வருகிறது. புதுக்கவிதை போல இருக்கிறதே தவிர வாக்கியமாக இல்லை. இந்த முறை, வினை நடுவில் வரும் ஒரு மொழியில் உருவானது. நமக்கு வினை கடைசியில் வரும். அதைவிட முக்கியம், நம்மிடம் உறவின் பாதி வேற்றுமை உருபில் இருக்கிறது. நீரை, நீரால், நீருக்கு, நீரிலிருந்து, நீரில்: ஒவ்வொன்றும் வெவ்வேறு அறிவியல். 'நீரிலிருந்து ஆக்சிஜன் வெளிப்படுகிறது' என்பது ஒளிச்சேர்க்கை. 'நீரில் ஆக்சிஜன் கரைகிறது' என்பது மீன் உயிர் வாழும் கதை. உருபை விட்டுவிட்டால் இரண்டும் ஒரே பெட்டிகள், கிட்டத்தட்ட ஒரே கோடு.

நான் கண்ட வழி எளியது. கோட்டின் மேல் வினையை எழுதட்டும். கூடவே ஓர் எண்ணையும் போடட்டும். பக்கத்தின் கீழே அதே எண்ணைப் போட்டு முழு வாக்கியத்தை எழுதட்டும்: '3. தாவரம் வேரின் வழியாக மண்ணிலிருந்து நீரை உறிஞ்சுகிறது.' உருபுகளின் கீழே ஒரு கோடு இழுக்கச் சொல்லுங்கள். தமிழாசிரியர் பார்த்தால் மகிழ்ந்துபோவார். விளி வேற்றுமை ஒன்றைத் தவிர மற்றவை எல்லாம் வேலைக்கு வந்துவிடும். தேர்வில் விடை எழுத முடியவில்லை என்ற உங்கள் குறைக்கும் மருந்து அந்தக் கீழ்ப்பகுதியில்தான் இருக்கிறது. அதைப் பிறகு சொல்கிறேன்.

இனி வகுப்பில் செய்வதைப் பார்ப்போம். முதலில் தலைப்பைக் கொடுக்காதீர்கள், ஒரு கேள்வியைக் கொடுங்கள். 'ஒளிச்சேர்க்கை' என்று கொடுத்தால் பட்டியல் வரும். 'ஒரு விதை பெரிய மரமாகும்போது கூடும் எடை எங்கிருந்து வருகிறது?' என்று கொடுத்தால் விளக்கம் வர வேண்டியிருக்கும். அடுத்து, பத்துப் பன்னிரண்டு சொற்கள். அவற்றை மாணவர்களே சொல்லட்டும், நீங்கள் பலகையின் ஓரத்தில் எழுதுங்கள். இருவருக்கு ஒரு தாள். சொற்களைச் சிறு சிறு காகிதத் துண்டுகளில் எழுதி, ஒட்டாமல், நகர்த்தி நகர்த்திப் பார்க்கட்டும். பரந்த கருத்து மேலே, குறுகியது கீழே என்று அடுக்கினால் பிறகு படிக்க எளிது. அதற்காக அடம்பிடிக்க வேண்டாம். பென்சில் மட்டும். வண்ணப் பேனாவைப் பையில் வைக்கச் சொல்லுங்கள். வண்ணப் பேனாவால் எழுதியதை யாரும் அழித்துத் திருத்த மாட்டார்கள்.

புத்தகம் மூடியிருக்க வேண்டும். இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் இதில்தான் பலர் கோட்டைவிடுகிறார்கள். 2011இல் 'சயன்ஸ்' இதழில் ஜெஃப்ரி கார்பிக்கே, ஜானெல் பிளன்ட் இருவரும் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஒரு பிரிவு மாணவர்கள் அறிவியல் பாடத்தைக் கண்முன்னே வைத்துக்கொண்டு கருத்து வரைபடம் வரைந்தார்கள். இன்னொரு பிரிவு படித்துவிட்டு, மூடிவைத்து, நினைவுக்கு வந்ததை எழுதியது. ஒரு வாரம் கழித்துத் தேர்வு. மூடிவைத்து எழுதியவர்களே முந்தினார்கள். வரைபடம் வரைவதையே தேர்வாக வைத்தபோதும் அவர்களே முந்தினார்கள். கருத்து வரைபடத்தின் ஆதரவாளர்களுக்கு அப்போது முகம் சுருங்கியது உண்மை. ஆனால் அதே இருவர் 2014இல் இன்னொன்றைக் காட்டினார்கள்: பாடத்தை மூடிவைத்து நினைவிலிருந்தே வரைபடம் வரையச் சொன்னால், நினைவிலிருந்து பத்தி எழுதியதற்கு இணையான பலன் கிடைக்கிறது. கருவியின் மேல் பழி இல்லை. திறந்திருந்த புத்தகத்தின் மேல்தான். வரைந்து முடித்து இறுதி ஐந்து நிமிடத்துக்குப் புத்தகத்தைத் திறந்து, விட்டதை வேறு நிறத்தில் சேர்க்கட்டும். தனக்கு எது நினைவுக்கு வரவில்லை என்பது அந்த நிறத்தில் கண்ணெதிரே நிற்கும். பையில் போன வண்ணப் பேனாவுக்கு அதுதான் வேலை.

நாமே வரைந்து கொடுத்தால் நேரம் மிச்சமல்லவா என்று கேட்கத் தோன்றும். பல ஆய்வுகளைத் தொகுத்து 2018இல் வந்த ஒரு மதிப்பீடு 142 ஒப்பீடுகளைச் சேர்த்துப் பார்த்தது. பிறர் வரைந்த வரைபடத்தைப் படிப்பதிலும் பலன் உண்டு, தானே வரைவதில் கூடுதல் பலன் என்பது அதன் முடிவு. அதற்காகப் பலவீனமான மாணவனிடம் வெறும் தாளைக் கொடுத்துத் திண்டாடவிடுவதும் தப்பு. அவனுக்கு நான்கைந்து பெட்டிகளும் இரண்டு கோடுகளும் போட்ட அரைகுறைப் படத்தைக் கொடுத்து மீதியை முடிக்கச் சொல்லுங்கள்.

அவர்கள் வரையும்போது நீங்கள் மேசைகளுக்கு நடுவே நடக்க வேண்டும். உட்கார்ந்து வருகைப் பதிவேடு எழுதக் கூடாது. என் வகுப்பில் ஒருமுறை இரண்டு பையன்களுக்குள் சண்டை. ஒருவன் 'தாவரம் இரவில் மட்டும் சுவாசிக்கிறது' என்று எழுதுகிறான். இன்னொருவன் 'மட்டும்' என்ற சொல்லை அழிக்கிறான். அவன் மறுபடி எழுத, இவன் மறுபடி அழிக்க, தாளில் ஓட்டையே விழுந்துவிட்டது. தாளைத் தூக்கிக்கொண்டு தீர்ப்புக் கேட்க வந்தார்கள். நான் தீர்ப்புச் சொல்லவில்லை. 'பகலில் அதன் செல்களுக்கு ஆற்றல் வேண்டாமா?' என்று மட்டும் கேட்டேன். இருவரும் பேசாமல் இடத்துக்குப் போனார்கள். சற்று நேரம் கழித்துப் பார்த்தால், குளுக்கோஸிலிருந்து சுவாசித்தலுக்கு ஒரு நீண்ட கோடு தாளின் குறுக்கே போகிறது. அதன் மேல் 'பகலிலும் இரவிலும் உடைகிறது' என்று எழுதியிருந்தார்கள். ஓட்டையைச் சுற்றி வளைந்து போனது அந்தக் கோடு.

தாளின் ஒரு மூலையில் இருக்கும் கருத்தை இன்னொரு மூலையில் இருக்கும் கருத்தோடு இணைக்கும் இப்படிப்பட்ட குறுக்குக் கோடுகளைத் தேடுங்கள். ஒளிச்சேர்க்கையை ஒரு பாடமாகவும் சுவாசித்தலை வேறொரு பாடமாகவும் படித்த பிள்ளை, இரண்டும் ஒரே இலைக்குள் நடக்கின்றன என்று கண்டுகொள்ளும் இடம் அது. அதேபோல, எதோடும் இணையாமல் ஓரத்தில் கிடக்கும் காகிதத் துண்டையும் பாருங்கள். பல தாள்களில் 'இலைத்துளை' அநாதையாகக் கிடந்தால், பிழை மாணவர்களிடம் இல்லை. கார்பன் டைஆக்சைடு அந்த வழியாகத்தான் உள்ளே போகிறது என்பதை நீங்கள் ஓட்டமாகச் சொல்லிப் போயிருக்கிறீர்கள். மறுநாள் அந்த ஒன்றை மட்டும் பத்து நிமிடம் நடத்தினால் போதும்.

தவறான கோடு கிடைத்தால் சந்தோஷப்படுங்கள். 'மண் தாவரத்துக்கு உணவைத் தருகிறது' என்ற கோடு அநேகமாக எல்லா வகுப்பிலும் வரும். சிவப்பு மையால் அடிக்க வேண்டாம். அதைப் பலகையில் அப்படியே எழுதி, 17ஆம் நூற்றாண்டு அறிவியலாளர் வான் ஹெல்மான்ட்டின் கதையைச் சொல்லுங்கள். தொட்டி மண்ணில் ஒரு வில்லோ கன்றை நட்டு 5 ஆண்டுகள் வளர்த்தார். மரம் 160 பவுண்டுக்கு மேல் எடை கூடியது. மண் குறைந்தது சில அவுன்ஸ்தான். 'உணவு மண்ணிலிருந்து வந்திருந்தால் தொட்டி என்ன ஆகியிருக்கும்?' என்று கேட்டுவிட்டுக் காத்திருங்கள். எடை முழுக்க நீரிலிருந்து வந்தது என்று அவர் முடிவுகட்டினார். அவருடைய வரைபடத்திலும் ஒரு பெட்டி விடுபட்டிருந்தது. எந்தப் பெட்டி என்பதை வகுப்பே சொல்லட்டும்.

நேரம் பற்றிக் கேட்டிருந்தீர்கள். மேலே சொன்னதற்கு முதல் தடவை முழுப் பாடவேளையும் ஆகும். மூன்றாம் தடவையில் இருபது நிமிடத்துக்குள் வந்துவிடும். எல்லாப் பாடத்துக்கும் செய்யாதீர்கள். ஆண்டுக்கு ஐந்தாறு போதும். கருத்துகள் ஒன்றையொன்று பின்னிக் கிடக்கும் பாடங்களைத் தேர்ந்தெடுங்கள்: சூழ்நிலை மண்டலம், விசையும் இயக்கமும், அணு அமைப்பு. கணக்குப் போட வேண்டிய இடத்தில் இது உதவாது. கணக்கைப் போட்டுத்தான் பழக வேண்டும். ஒன்றன்பின் ஒன்றாக நடக்கும் செய்முறைக்குப் பாய்வுப்படம் போதும். ஒருமுறை தனிம வரிசை அட்டவணைக்கு வரையச் சொல்லி நான் பட்ட பாடு தனிக்கதை. அந்த அட்டவணையே ஒரு வரைபடம், அதற்கு எதற்கு இன்னொன்று?

முடிந்தால் ஒரே தாளை இரண்டு முறை பயன்படுத்துங்கள். பாடம் தொடங்கும் முன் ஒருமுறை, முடிந்த பிறகு அதே தாளில் திருத்தி ஒருமுறை. கணினியில் வரைய விரும்பினால் ஃபுளோரிடாவில் உள்ள ஓர் ஆய்வு நிறுவனம் உருவாக்கிய 'சிமேப்டூல்ஸ்' இருக்கிறது. 42 பேருக்குப் பென்சிலும் ரப்பரும் அதைவிடச் சௌகரியம்.

மதிப்பெண் விஷயத்துக்கு வருகிறேன். நோவாக்கும் பாப் கோவினும் 1984இல் ஒரு முறை வகுத்தார்கள். சரியான இணைப்புக்கு 1, ஒவ்வொரு அடுக்குக்கும் 5, குறுக்குக் கோட்டுக்கு 10, எடுத்துக்காட்டுக்கு 1. எதற்கு எவ்வளவு மதிப்பு என்று ஆசிரியர் தெரிந்துகொள்ள நல்ல கணக்கு. வகுப்பில் இதை அறிவித்தால் மறுநாளே குறுக்குக் கோடுகள் சிலந்தி வலையாகப் பெருகும். பிள்ளைகள் நம்மைவிடக் கெட்டிக்காரர்கள்.

நான் பரிந்துரைப்பது இது. முதல் இரண்டு வரைபடத்துக்கு மதிப்பெண்ணே வேண்டாம். பிறகு, படத்தை விட்டுவிட்டுக் கீழே உள்ள எண்ணிட்ட வாக்கியங்களை மட்டும் திருத்துங்கள். அவற்றிலும் ஐந்தை மாணவர்களே தேர்ந்தெடுத்து நட்சத்திரம் போட்டுக் கொடுக்கட்டும். தவறான வாக்கியத்துக்கு 0. உண்மைதான், ஆனால் எதையும் விளக்கவில்லை என்றால் 1. சரியாகவும் விளக்கமாகவும் இருந்தால் 2. 'பச்சையம் ஒளிச்சேர்க்கையோடு தொடர்புடையது' என்பது 1. 'பச்சையம் சூரிய ஒளியின் ஆற்றலை உறிஞ்சுகிறது' என்பது 2. 'தொடர்புடையது', 'முக்கியமானது' என்ற இரண்டு சொற்களுக்கும் வகுப்பில் தடை போட்டுவிடுங்கள். பாதிச் சோம்பல் அதிலேயே போய்விடும். இருவருக்கு ஒரு தாள் என்றால் 21 தாள்கள், தாளுக்கு ஐந்து வாக்கியங்கள். ஒரே மாலையில் முடிந்துவிடும்.

'ஏன்', 'எவ்வாறு' கேள்விக்குத் திரும்புவோம். வரைபடம் தானாகத் தேர்வு விடையாகிவிடாது. நடுவில் ஒரு படி இருக்கிறது, அதைத்தான் பலர் தாண்டிவிடுகிறோம். வரைந்த மறுநாள், படத்தில் அடுத்தடுத்து இருக்கும் மூன்று கோடுகளை எடுத்து ஒரு பத்தியாக எழுதச் சொல்லுங்கள். நிபந்தனை ஒன்றுதான்: 'ஏனெனில்', 'ஆகவே', 'இல்லாவிட்டால்' மூன்றில் குறைந்தது இரண்டு சொற்கள் வர வேண்டும். 'இலைத்துளை மூடிக்கொண்டால் கார்பன் டைஆக்சைடு உள்ளே வருவது குறையும். ஆகவே குளுக்கோஸ் உண்டாவதும் குறையும், ஏனெனில் அதிலுள்ள கார்பன் அந்த வாயுவிலிருந்தே கிடைக்கிறது.' இதை எழுதத் தெரிந்த பிள்ளைக்கு மூன்று மதிப்பெண் வினா ஒன்றும் பெரிதல்ல. முதல் சில பத்திகள் கரடுமுரடாக வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சுவரில் தொங்கும் சார்ட்டுகளைக் கழற்ற வேண்டாம். அம்புகளின் மேல் இணைப்புச் சொற்களை எழுதுங்கள். எழுதி முடித்ததும் அவற்றில் ஒன்றின் மேல் வெள்ளைத் தாளை ஒட்டி மறைத்துவிடுங்கள். வாரம் ஒரு சொல். சில வாரங்களில் ஏதாவது ஒன்றை வேண்டுமென்றே தப்பாக மாற்றி எழுதிவையுங்கள். யார் முதலில் கண்டுபிடிக்கிறார்கள் என்று பார்ப்போம்.